எரியாத கட்டி

விருத்தாம்பாளைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் வாயில் இருந்துதான் தொடங்க வேண்டும். மரக்காணம் உப்பளத்தில் அந்த வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. மேஸ்திரி பக்தவச்சலம்கூட அவள் நிற்கிற பாத்திப் பக்கம் வந்தால் குரலைத் தணித்துக்கொள்வார். நான் ஆரோக்கியசெல்வி. அவளுக்கு ஜோடி. உப்பு நிறைந்த கூடையைத் தன்னந்தனியாகத் தலையில் ஏற்ற முடியாது, தூக்கிவிட எதிரே ஒருத்தி நிற்க வேண்டும். அவளுக்கு நான், எனக்கு அவள். தூக்குகிறவள் கொஞ்சம் அசந்தால் சுமக்கிறவளுக்குக் கழுத்து பிசகிவிடும். “கட்டினவனக்கூட மாத்திக்கலாம், ஜோடிய மாத்தக் கூடாதுடி” என்பாள். அவள் புருஷன் ராஜாங்கம் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வாள். அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே பீடியைப் பற்றவைப்பார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அவள் படுத்துகிற பாடு இருக்கிறதே, அதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பாத்தியில் மேலே உப்பு வெள்ளைவெளேரென்று கிடக்கும், அடியில் களிமண். சில இடத்தில் உப்பு கனமாக இருக்கும், சில இடத்தில் தோல் மாதிரிதான் படிந்திருக்கும். மேல் வெள்ளையை நம்பி, உப்பு வாரும் பலகையை அழுத்தி இழுத்தால் சேறு கிளம்பி, வாரிய குவியல் மொத்தமும் கறுத்துப்போகும். அதனால் பலகையைப் போடுவதற்கு முன்னால் கையை விட்டு இங்கே ஒரு இடம், அங்கே ஒரு இடம் என்று தொட்டுப் பார்க்க வேண்டும். “ஒரே எடத்துல தொட்டுட்டுப் பலகைய போட்ட, கைய ஒடச்சி அடுப்புல வச்சிடுவேன்” என்று மலர்கொடியை அவள் மிரட்டியதில் அந்தப் பெண் மறுநாள் வேலைக்கே வரவில்லை. நான்தான் வீடு தேடிப்போய்ச் சமாதானம் சொல்லிக் கூட்டிவந்தேன்.

இன்னொரு சட்டமும் எங்களுக்கு உண்டு. அது விருத்தாம்பாள் போட்டதில்லை, உப்பளம் போட்டது. எரிந்தால் புண், எரியாவிட்டால் புண் இல்லை. காலில் வெடிப்பு இருக்கிறதா, விரலில் கீறல் இருக்கிறதா என்று நாங்கள் குனிந்து பார்ப்பதில்லை. உப்புத் தண்ணீரில் இறங்கினால் அதுவே சொல்லிவிடும். கண்ணுக்குத் தெரியாத கீறலைக்கூட அந்தத் தண்ணீர் கண்டுபிடித்து உயிர் போகிற மாதிரி எரியவைக்கும். எந்த டாக்டரையும்விட எங்களுக்கு அதன் மேல்தான் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் வந்தது வினை.

மாசி மாதம் என்று நினைக்கிறேன். வேலை முடிந்து மோட்டார் கொட்டகையில் உப்புப் போகக் குளித்துக்கொண்டிருந்தோம். விருத்தாம்பாள் பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டியிருந்தாள். சோப்புப் போடக் கையைத் தூக்கியபோது இடது பக்கம் மார்புத் தோல் செக்கச்சிவந்து, சில இடம் கருகித் தடித்துக் கிடந்தது தெரிந்தது.

“இன்னாடி இது?”

“ஒண்ணும் இல்ல போ. பலகைக் கம்பு இடிச்சிருக்கும். உள்ள கட்டி மாரி இருந்துச்சு. உப்ப வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் குடுத்துக்கினு இருக்கேன்.”

“தோலு வெந்து போயிருக்குதேடி!”

“கட்டி கரையணும்னா சூடு ஏறணும் இல்ல?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கையை விலக்கிவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவில் ஒன்று, கல் மாதிரி, நகராமல் இருந்தது. நான் அப்புறம் என்ன கேட்டேன் தெரியுமா? “எரியுதாடி?” என்றேன். “தோலுதான் எரியுது, கட்டி எரியவே இல்ல. உப்புத் தண்ணி பட்டும் எரியல” என்றாள். அப்படியா, அப்ப ஒன்றும் இல்லை என்று இருவருமே மூச்சு விட்டுக்கொண்டோம். பெரிய டாக்டர்கள் இரண்டு பேர் கூடிப் பேசி முடிவெடுத்த மாதிரி தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் தெருவுக்கு வீடு வீடாக வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கிற நர்ஸ் தமிழ்நிலா. சின்னப் பெண், ஆனால் நாக்கில் மிளகாய் தடவியிருப்பாள். எங்கள் தெருப் பொன்னி பைக் சைலன்சரில் காலைச் சுட்டுக்கொண்டு பேஸ்ட்டை அப்பிவைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, “பேஸ்ட்டு பல்லுக்கா, காலுக்கா?” என்று தெருவே கூடி நிற்க அவளைக் கிழித்துத் தொங்கவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் விருத்தாம்பாளும் ஒருத்தி. ஊரையே திட்டுகிறவளுக்கு, தான் திட்டு வாங்குவது மட்டும் ஆகாது.

பங்குனியில் அந்தப் பெண் வந்தபோது, முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் எல்லாரும் மார்பைக் காட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். விருத்தாம்பாளும் அவளும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். நானும் கூட இருந்தேன்.

“கட்டி இருக்குதேக்கா. வலிக்குதா?”

“வலியே இல்லம்மா” என்றாள் விருத்தாம்பாள், பரீட்சையில் பாஸாகிவிட்ட பிள்ளை மாதிரி.

தமிழ்நிலாவின் முகம் மாறியது. “அக்கா, வலி இருந்தா நீங்களே ஓடி வந்திருப்பீங்க. வலிக்காத கட்டியத்தான் நாங்க தேடிக்கினு சுத்தறோம். பயப்படாதீங்க, முக்காவாசி கட்டி ஒண்ணுமே இல்லாததுதான். ஆனா எது ஒண்ணும் இல்லாததுன்னு கையால தடவிப் பாத்து நான் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். இது இன்னாக்கா, தோலு இப்படிச் செவந்திருக்கு?”

“ரவிக்கை ஒரசினது.”

நான் வாயைத் திறந்தேன். விருத்தாம்பாள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். வெளியே வந்ததும், “ஒத்தடம் கதைய எவ கிட்டயாவது சொன்ன, உனக்கும் எனக்கும் ஜோடி கெடையாது” என்றாள். சொன்னால் செய்கிறவள்.

ராஜாங்கம், அவள், நான் என்று மூவரும் பஸ் ஏறிப் போனோம். வழி நெடுக ராஜாங்கத்துக்கு ஒரே கவலை, ஊசி குத்திப் பார்ப்பார்களாமே என்று. அவருடைய அண்ணி ஒருத்திக்குக் கட்டியில் ஊசி குத்தியதும் உடம்பெல்லாம் பரவிச் செத்துப்போனாளாம். “அவங்களுக்கு முன்னாடியே பரவியிருக்கும், ஊசி மேல பழியப் போட்டுட்டீங்க” என்று பின்னால் டாக்டரம்மா சொன்னார். அன்றைக்குப் பஸ்ஸில் எங்களுக்கு அது தெரியாது. விருத்தாம்பாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, உப்புக் குவியல்கள் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா பெயர் செந்தமிழ். நிதானமான மனுஷி. எப்போது இருந்து இருக்கிறது, காம்பில் ஏதாவது கசிகிறதா, அம்மா வழியில் அப்பா வழியில் யாருக்காவது இருந்ததா என்று எல்லாம் கேட்டார். நல்ல பக்கத்தையும் சேர்த்து இரண்டு மார்பையும் பார்த்தார். அக்குளில் அழுத்தினார், கழுத்தெலும்புக்கு மேலே தடவினார். கட்டி எங்கேயோ இருக்க இவர் எங்கேயோ தேடுகிறாரே என்று நான் நினைத்தேன். கட்டி கெட்டதாக இருந்தால் முதலில் அந்த வழியாகத்தான் போகுமாம். சிவந்த தோலை வெகுநேரம் பார்த்தார். இது எப்படி வந்தது என்றார். “ரவிக்கை ஒரசினது” என்ற அதே பொய். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார்.

அப்புறம் மேமோகிராம். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் படம் எடுக்கிறார்கள். “சப்பாத்தி சுடற மிசினுடி அது” என்று வெளியே வந்ததும் காதில் சொன்னாள். வலி கொஞ்சம்தான், ஆனால் தெரியாத பெண் ஒருத்தி தன் உடம்பை எடுத்துத் தட்டில் வைத்ததுதான் கூச்சமாக இருந்தது என்றாள். பிறகு ஸ்கேன், ஜில்லென்று பசை தடவி. கட்டிக்குள்ளே தண்ணீர் இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று அதில் தெரியுமாம். கெட்டியாக இருந்தது. கடைசியாக ஊசி. மரத்துப்போக ஒரு ஊசி போட்டுவிட்டு, “இப்ப டப்புன்னு சத்தம் கேக்கும், பதறாதீங்கம்மா” என்று முன்கூட்டியே சொல்லி, கட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு நூல் மாதிரி சதை எடுத்தார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். டப் என்ற சத்தம் கேட்டதும் “ஏசுவே” என்று கத்தியது நான்தான், அவள் இல்லை. “குத்து எனக்கா உனக்காடி?” என்றாள் படுத்தபடியே.

சதையை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும், நாள் ஆகும் என்றார்கள். காத்திருப்பது உப்பளத்துக்காரிகளுக்குப் புதிதா? தண்ணீரைப் பாய்ச்சிவிட்டு வெயிலை நம்பிக் காத்திருப்பதுதானே எங்கள் பிழைப்பு. ஆனால் பாத்தியில் என்ன விளையும் என்று எங்களுக்குத் தெரியும். இதில் தெரியாது. அந்த நாட்களில் விருத்தாம்பாள் யாரையும் திட்டவில்லை. மலர்கொடி பயந்துபோய் என்னிடம் வந்து, “அக்காவுக்கு இன்னா ஆச்சு, நான் தப்பு பண்ணாலும் சும்மா இருக்காங்க” என்றாள்.

திரும்பிப் போன அன்று டாக்டரம்மா, “ஊசி டெஸ்ட்ல கெட்ட செல் எதுவும் இல்லம்மா” என்றார். ராஜாங்கம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நான் அழுதேவிட்டேன். விருத்தாம்பாள் மட்டும் டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் இன்னும் முடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“ஆனா எனக்குத் திருப்தி இல்ல. நாங்க மூணு விதமாப் பாக்கறோம். கையால தொட்டுப் பாக்கறது ஒண்ணு, படம் எடுத்துப் பாக்கறது ஒண்ணு, ஊசி எடுத்துப் பாக்கறது ஒண்ணு. மூணும் ஒரே பதில் சொல்லணும். கைக்கு இது கல்லு மாரி இருக்குது. படத்துல ஓரமெல்லாம் பிசிறு பிசிறா இருக்குது. தோலு வேற செவந்து தடிச்சிருக்கு, சில மோசமான கேன்சர்ல தோலு இப்படித்தான் ஆவும். ஊசி மட்டும் ஒண்ணும் இல்லன்னு சொல்லுது. அதனால மறுபடி ஊசி எடுக்கணும், தோல்லயும் கொஞ்சம் வெட்டி எடுத்துப் பாக்கணும்.”

நான் விருத்தாம்பாளைப் பார்த்தேன். அவள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஊரையே அதட்டுகிறவள் அன்றைக்குக் குரல் எழும்பாமல் சொன்னாள்.

“டாக்டரம்மா, தோலு நான் சுட்டுக்கினது. உப்ப வறுத்து ஒத்தடம் குடுத்தேன். கட்டி கரையும்னு.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. இல்லாத ஒரு நோய நெனச்சி நான் ராத்திரியெல்லாம் கவலப்பட்டுக்கினு இருந்தேன்” என்றார். அவ்வளவுதான். மறுபடி தோலைத் தடவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “சரி, இது சூட்டுக்காயம்தான். ஆறிக்கினே வருது. தோல வெட்ட வேணாம். ஆறாம நின்னா மட்டும் பாத்துக்கலாம்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று விருத்தாம்பாள் அப்புறம் என்னிடம் சொன்னாள்.

ராஜாங்கத்துக்குத் தெம்பு வந்துவிட்டது. “அப்ப ஊசியும் வேணாம் இல்லீங்களா?”

“தோலுக்குத்தான் பதில் கெடச்சுது. கட்டிக்கு இன்னும் கெடைக்கல. போன தடவ கையால பிடிச்சி எடுத்தோம், ஊசி கட்டிக்குப் பக்கத்துல போயிருக்கலாம். இந்தத் தடவ ஸ்கேன்ல பாத்துக்கினே சரியா அந்த எடத்துல எடுப்போம். வெளிய உக்காந்து பேசிட்டு வாங்க.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். ராஜாங்கம் ஆரம்பித்துவிட்டார். “ஒண்ணும் இல்லன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. தோலுக்கும் காரணம் தெரிஞ்சிபோச்சு. இன்னும் எதுக்குக் குத்தணும்? கெளம்பு, மூணு மணி பஸ்ஸப் பிடிக்கலாம்.” மனுஷனைக் குறை சொல்ல மாட்டேன், பயம். “ஆமாண்டி, நல்ல சேதி வந்திருக்குது, அத்தோட போயிடலாம்” என்று நானும்தான் சொன்னேன். நல்ல சேதி கிடைத்த இடத்தில் யாருக்குத்தான் மேலே கேள்வி கேட்க மனம் வரும்? அவள் இல்லையென்றால் எனக்கு யார் என்ற நினைப்பு வேறு. வீட்டுக்குப் போய்விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று பட்டது.

விருத்தாம்பாள் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பில் வெளுத்து வெடித்த விரல்கள்.

“நான் மலர்கொடிய இன்னா சொல்லித் திட்டுவேன்?”

எங்களுக்குப் புரியவில்லை.

“மேல வெள்ளையா இருக்குதேன்னு ஒரே எடத்துல தொட்டுட்டுப் பலகைய போட்டா சேறு வரும்னு திட்டுவேன் இல்ல? இவங்க ஒரு எடத்துல தொட்டுப் பாத்துட்டாங்க. இன்னொரு எடத்துல தொடணும்னு சொல்றாங்க. அவ்ளோதான. அதுக்கு மாட்டேன்னுட்டுப் போனா, நாளைக்கி அந்தப் பொண்ணத் திட்ட எனக்கு வாய் வருமா?”

“உப்பும் உடம்பும் ஒண்ணாடி?” என்றார் ராஜாங்கம்.

“உப்புக்கே அவ்ளோ பாக்கறேன், உடம்புக்குப் பாக்க வாணாமா?” என்று சொல்லிவிட்டு எழுந்து அவளே உள்ளே போனாள். இந்த முறை நான் சுவரைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டப் சத்தத்துக்கு என் விரலை நசுக்கிவிட்டாள்.

இரண்டாவது ஊசியில் அது அகப்பட்டது. கேன்சர். டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் சொன்னார். சின்னதாக இருக்கிறது, அக்குளுக்குப் போன மாதிரி ஸ்கேனில் தெரியவில்லை, குணப்படுத்தப் பார்க்கலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ராஜாங்கம் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எரியலையே டாக்டரம்மா? ஒரு நாளுகூட எரியலையே?”

அந்தக் கேள்வியை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கூடவே நின்று உழைத்தவள் காலை வாரிவிட்டால் எப்படிக் கேட்போமோ, அப்படிக் கேட்டாள். அத்தனை வருஷம் நம்பிய தண்ணீர் அவளிடம் பொய் சொல்லியிருக்கிறது.

“எரியாதும்மா. ஆரம்பத்துல அது எதுவுமே பண்ணாது. அதனாலதான் நெறையப் பேரு லேட்டா வர்றாங்க” என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷன் ஆயிற்று. மருந்து ஏற்றினார்கள், கரன்ட் என்று கதிர்வீச்சு வைத்தார்கள். கொட்டிய முடிக்குத்தான் முதன்முதலாக அழுதாள், அதுவும் ராஜாங்கம் இல்லாத நேரம் பார்த்து என் மடியில். அடுத்த சீசனுக்குத் திரும்பி வந்துவிட்டாள். ஆனால் அங்கே பரவியிருக்கிறதா என்று பார்க்க அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருக்கிறார்கள். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, கீறல் படக் கூடாது, கை வீங்கிவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மேஸ்திரி அவளுக்கு வரப்பில் நின்று ஆள் மேய்க்கிற வேலை கொடுத்தார். திட்டுகிற வேலைதானே, அதில் அவளை மிஞ்ச ஆள் ஏது. எனக்கு இப்போது மலர்கொடிதான் ஜோடி. நல்ல பெண்தான். ஆனால் கூடை தலையில் ஏறும்போது எதிரே விருத்தாம்பாள் முகம் இல்லாதது எனக்கு இன்னும் பழகவில்லை. ஒரு நாள் அதைச் சொல்லி அழுதேன். “உசுரோட நிக்கிறேன், அதுக்கு அழுவறியேடி மூதேவி” என்றாள்.

போன வாரம் மதியச் சோற்று வேளையில், எல்லாப் பெண்களும் உட்கார்ந்திருக்கும்போது, என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். “ஏ செல்வி, நீ போய்க் காட்டுனியா?”

“எனக்கு இன்னாடி? நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“எரியலையா?” என்றாள்.

எடுத்த கவளத்தைத் தூக்குவாளியிலேயே போட்டேன். அத்தனை பேருக்கும் நடுவில் என்னைக் கேட்கிறாளே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊசி குத்தும்போது கூட நின்றேன், மாதக் கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைந்தேன். என் உடம்பில் மட்டும் நான் கை வைத்துப் பார்க்கவே இல்லை. பயம்தான், வேறென்ன.

நேற்று தமிழ்நிலா வந்தாள். விருத்தாம்பாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கதவைச் சாத்தி, என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். கூடை தூக்கிவிட நிற்பாளே, அதே இடத்தில். தமிழ்நிலா என்னைப் படுக்கவைத்து இரண்டு பக்கமும் பார்த்தாள், அக்குளில் அழுத்தினாள்.

“ஒண்ணும் இல்லக்கா. நல்லா இருக்கீங்க” என்றாள்.

எழுந்து ரவிக்கையைப் போட்டுக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் நான் படுத்த இடத்தை விட்டு அசையவில்லை.

“எதுக்கும் இன்னொரு தடவ தொட்டுப் பாத்துடும்மா” என்றேன்.

விருத்தாம்பாள் சிரிக்க ஆரம்பித்தாள். வாய் விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தமிழ்நிலா ஒன்றும் புரியாமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலில் இருந்து தொடங்கினாள்.